சொந்த விதையில் வரும் சிக்கல்

உத்தரகாண்ட் மலையில் கஞ்சாச் செடியின் விதை துவையலுக்கு, நார் கயிற்றுக்கு. (நம்ம சணப்பை இல்லைங்க, இது வேற செடி.) 2018-இல் அங்கே அரசு உரிமம் தந்தது, போதை தரும் டி.ஹெச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டிய பயிரை நம்பி, பாங்கில் இருந்தபோது நான் கடன் எழுதியிருக்க மாட்டேன்.

ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். அங்கே காட்டுக் கஞ்சா தானாகவே முளைத்து நிற்கும். அதன் மகரந்தம் விழுந்தாலும் இந்த வருஷப் பூவில் போதை ஏறாது. பூ தாய்ச்செடியின் உடம்புதானே. கலப்பு விதைக்குள் உட்கார்ந்து, அடுத்த வருஷம் வெளியே வரும். அதனால் சொந்த விதை எடுப்பவர், சுற்றிலும் காட்டு ஆண் செடிகளைப் பூ விரியும் முன்பே பிடுங்கணும். தனி ஆளால் ஆகாது, ஊர் கூடணும். இல்லையென்றால் வருஷாவருஷம் விதைக் கம்பெனி வாசல்தான்.