தாகத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தலாமா?

எங்கள் லாப்ரடார் நாய்க்கு, உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நோய். ஒரு மாதமாக ஸ்டீராய்டு கொடுக்கிறோம். ஓயாமல் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

நிறுத்தவே நிறுத்தாதீர்கள், சகோதரி. இந்தத் தாகமும் அகோரப் பசியும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் வருபவை. அளவு குறையக் குறைய அடங்கிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள். இரவில் கூடுதலாக ஒருமுறை வெளியே அழைத்துப் போங்கள். மாத்திரையைச் சட்டென்று விட்டால் நோய் மறுபடி தலைதூக்கும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து, பல மாதங்களில் டாக்டர்தான் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும்.

தினமும் காலை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நிம்மதி. ஈறு வெளுத்தாலோ மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, அயர்ந்து தூங்கும்போதும் நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாம்பார் சோறு வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைப்பவை. நீங்களாக வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சலும் இந்நோயைத் தூண்டும் என்பதால், உண்ணி இருக்கிறதா என்று காது மடல், விரலிடுக்குகளைத் தடவிப் பாருங்கள். தடுப்பூசி போடும் முன் நோய் விவரத்தைச் சொல்லுங்கள்.

இந்த நோயில் முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உங்கள் பிள்ளை அதைத் தாண்டிவிட்டான். தைரியமாக இருங்கள், மருந்து வேளையை மட்டும் தவறவிடாதீர்கள்.