பலர் சேர்ந்தால் வைத்தியச் செலவு குறையும்



முட்டிவலி, இடுப்புவலி என்றால் "காசுக்கு எங்கே போறது?" என்று நாம் பொறுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவிலும் இதே கதை உண்டு.

அங்கே போர்ட்லாந்து நகரில் லிசா ரோலெடர் என்ற பெண் அக்குபங்சர் வைத்தியர். மெல்லிய ஊசி குத்திச் செய்யும் இந்தச் சீன வைத்தியம் உழைக்கும் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. 2002-ல் 'உழைக்கும் வர்க்க அக்குபங்சர்' என்று பொருள்படும் பெயரில் அவர் ஒரு நிலையம் தொடங்கினார்.

தனி அறை கிடையாது. ஒரே கூடத்தில் சாய்வு நாற்காலிகள். ஊசி போட்டுக்கொண்டவர் ஓய்வெடுப்பார். வைத்தியர் அடுத்தவரிடம் போவார். ஒரு மணி நேரத்தில் பலரைப் பார்க்க முடிந்ததால் கட்டணம் குறைந்தது. அப்போது 15 முதல் 35 டாலர். அதற்குள் எவ்வளவு தருவது என்பதை வந்தவரே முடிவு செய்தார். வருமானச் சான்று கேட்கவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. ஊசி புதிதாகப் பிரிக்கப்பட்டதா என்று பார்க்கணும். ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்குப் போடவே கூடாது.
2. கர்ப்பிணிகள் முன்பே சொல்லிவிடணும்.
3. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

குழுவில் பேசுவோம்: தனியாகச் செலவழிக்கும் எதை நாம் சேர்ந்து குறைக்கலாம்?