டயரின் விலாவில் எழுதியிருப்பது

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார்க் காரின் டயரைப்பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு நகை விளைக்கலாம். யாப்பும் அணியும் உரைக்க வேண்டியவன் இறப்பரும் காற்றும் உரைப்பானேன் என வினவுவாரும் இருப்பர். காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலானந்த அடிகளார், அதற்கு முன்னர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியரே ஆவார். இசையைக் கணக்கினால் அளந்து 'யாழ் நூல்' இயற்றியவரும் அவரே. அத்துணைப் பெரிய நிழலில் யான் ஒதுங்குவது தகுமோ அறியேன். யான் இதனை எழுதுவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் ஒரு பந்தயத்தைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 'ஃபோர்முலா வன்' கார்ப் பந்தயம் நடைபெற்றது. இருபது கார்கள் அணிவகுத்தன. அவற்றுள் பதினான்கு மிஷலின் டயர் பூட்டியவை. ஆறு பிறிஜ்ஸ்ரோன் டயர் பூட்டியவை. இரண்டு நாள் முன்னர் நடந்த பயிற்சியின்போது, சரிவாகச் சாய்த்து அமைக்கப்பட்ட பதின்மூன்றாம் வளைவில் றால்ஃப் ஷூமாக்கரின் பின் இடப்புற டயர் சிதைந்து, கார் மதிலில் மோதியது. அந்த வளைவில் நெடுநேரம் முழு வேகத்தில் ஓடும்போது இடப்புறத்தில் விழும் பாரத்தை அந்த டயரின் விலா தாங்கவில்லை. பத்துச் சுற்றுக்களுக்கு மேல் தம் டயர் பத்திரமாய் இருக்குமென உறுதி கூற மிஷலின் நிறுவனத்தார் மறுத்தனர். பந்தயமோ 73 சுற்று. அவ்வாண்டின் விதிப்படி ஓடும் இடையில் டயர் மாற்றுதலும் இயலாது. வளைவின் வேகத்தைக் குறைக்கத் தடை அமைக்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. ஆகவே அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பதினான்கு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தரிப்பிடத்துக்குத் திரும்பிவிட்டன. எஞ்சிய ஆறு கார்களுமே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். இந்தியர் ஒருவர் அப்பந்தயத்தில் பெற்ற முதற் புள்ளிகள் அவையே.

அன்று முதலிடத்திலிருந்து புறப்பட வேண்டிய காரும் மிஷலின் டயர் பூட்டியதே. அதன் இயந்திரத்திலோ ஓட்டியவரிலோ குறையொன்றும் இல்லை. உலகத்தின் அதிவேகக் கார்கள் பதினான்கு, இறப்பர் ஒத்துழையாமையால் ஓரடியும் ஓடாது நின்றன. இதனை நம்மவர் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நம் இளைஞர் ஒரு ஹொண்டா சிவிக்கையோ சுபாறு இம்பிரேசாவையோ வாங்கினால், முதலிற் கேட்பது எத்தனை குதிரை வலு என்பதே. அடுத்துக் கேட்பது பாட்டுப் பெட்டியைப் பற்றி. டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவதோடு பரீட்சை முடிந்துவிடும்.

மிகுந்த வலுவுடன் பாயவும், வளைவில் உறுதியாய்த் திரும்பவும், குறுகிய தூரத்தில் நிற்கவும் அமைந்த இத்தகைய காரை இங்கே 'விசைக்கார்' என்று கூறிக்கொள்வோம். ஆட்களோடு 1300 கிலோகிராம் நிறையுள்ள ஒரு விசைக்காரைக் கொள்க. ஒரு சில்லின்மேல் விழுவது ஏறக்குறைய 325 கிலோகிராம், அதாவது 716 இறாத்தல். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தலாயின், வகுத்துப் பார்க்க, நிலத்தைத் தொடும் இறப்பர் ஏறத்தாழ 22 சதுர அங்குலம். விரித்த ஒரு கையின் அளவே அது. காரின் முழு வலுவும், பிறேக்கின் முழு ஆற்றலும் நான்கு கையளவு இறப்பரின் வழியாகவே வீதியைச் சேர்கின்றன.

இனி, டயரின் விலாவில் எழுதியிருப்பதை வாசிப்போம். 205/55 ஆர் 16 91 வி என ஒரு டயரில் இருப்பதாகக் கொள்க. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது விலாவின் உயரம். ஆனால் அது மில்லிமீற்றர் அன்று, அகலத்தின் நூற்றுவீதம். 205இன் நூற்றுக்கு 55 என்றால் 113 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைவு. மாணவர் பலர் இடறும் இடம் இதுவே. ஆர் என்பது உள்நூல்கள் ஆரைகள்போல் குறுக்கே ஓடும் அமைப்பைக் குறிப்பது. 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீற்றரும் நூற்றுவீதமும் அங்குலமும் கலந்து நிற்பதைக் காணும்போது, நம் புலவர்களின் விருத்தங்கள் எளியவை என்றே தோன்றுகின்றது. 91 என்பது பாரச் சுட்டு. அட்டவணைப்படி ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும். ஈற்றெழுத்து வேகத்தைச் சொல்வது. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, வை என்றால் 300.

நம் நாட்டில் நகருக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றரும் விரைவுச்சாலையில் 100 கிலோமீற்றருமே எல்லையாயின், 240 கிலோமீற்றர் டயர் எதற்கு என்ற வினா எழும். நல்ல வினா. அவ்வெழுத்து வேகமாய் ஓடுவதற்குத் தரப்பட்ட அனுமதியன்று. டயருக்குப் பெரும்பகை வெப்பம். சில்லு சுழலுந்தோறும் விலா மடங்கி நிமிர்கின்றது. மடங்குந்தோறும் சூடு பிறக்கின்றது. உயர்ந்த எழுத்துள்ள டயர் அச்சூட்டைத் தாங்கும்படி இறுக்கமாகக் கட்டப்பட்டது. காரின் பிறேக்கும் வில்லும் அந்த இறுக்கத்தை எண்ணியே அமைக்கப்பட்டவை. ஆகவே காரின் கதவுத் தூணில் ஒட்டப்பட்ட தாளில் எவ்வெழுத்து, எச்சுட்டு உள்ளதோ அதனிற் குறைந்ததைப் பூட்டுதல் கூடாது.

பெரிய றிம் பூட்டும் ஆசை நம் இளைஞரிடம் மிகுதி. அதற்கும் கணக்குண்டு. மேற்கூறிய டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீற்றர். 17 அங்குல றிம்முக்கு 225/45 எடுத்தால் 634 மில்லிமீற்றர் வரும். வேகமானி பொய் சொல்லாது. விலா குறுகுவதால் திருப்பத்தில் உறுதி கூடும் என்பதும் மெய்யே. ஆனால் குறுகிய விலா பள்ளத்தை மன்னிக்காது. தார் பெயர்ந்த ஓரமும் பாலத்தின் இணைப்பும் நிறைந்த வீதிகளில், 18 அங்குல றிம்மும் பட்டி போன்ற டயரும் பூட்டுவது அழகுக்குக் கொடுக்கும் விலை என்பதே என் எண்ணம். றிம் வளைந்து வந்தவர் பலரைக் கண்டுள்ளேன்.

இறப்பரின் கலவையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மரத்து இறப்பர், செயற்கை இறப்பர், கரித்தூள், சிலிக்கா, கந்தகம், எண்ணெய் முதலியன சேர்ந்ததே டயர். 1876இல் பிறேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் நம் நாட்டின் கம்பகாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டமையும், டன்லொப் என்பார் தம் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்றுச் சில்லு செய்தமையும் பலரும் அறிந்தவையே. கலவை மென்மையாயின் பற்று மிகும், ஆயுள் குறையும், வன்மையாயின் மறுதலை. அமெரிக்க முறைப்படி விலாவில் பொறிக்கப்படும் தேய்மான எண் இதனை ஒருவாறு காட்டும். 200 என்பது விரைவில் தேயும் பற்றுமிக்க டயர். 400க்கு மேல் நெடுநாள் உழைப்பது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே இடும் எண்ணாகலின் இரு நிறுவனங்களை இதனால் ஒப்பிடுதல் முழுதும் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட உதவும்.

நம் கரையோரத்துக்கு எது தகும்? பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதியை எண்ணுக. ஆண்டின் பெரும்பகுதி கடும் வெயில், தார் கொதிக்கும். கடற்காற்றில் மணல் வீதியில் படியும். அறுவடைக் காலத்தில் ஓரமெல்லாம் நெல் காயும். உழவு இயந்திரம் வயற்சேற்றை ஏற்றிவரும். கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. ஆகவே பந்தயத் தளத்துக்கென ஆக்கப்பட்ட, தவாளிப்புக் குறைந்த டயர் இங்கே வேண்டா. அகன்ற நெடுந் தவாளிப்புகள் உடையதும், ஈரப்பற்றில் ஏ அல்லது ஏஏ தரம் பெற்றதுமான டயரே விசைக்காருக்கு ஏற்றது.

மழையில் நேர்வது என்ன? தேங்கிய நீரைத் தவாளிப்பு வெளியே தள்ள வேண்டும். தள்ள இயலாத வேகத்தில் டயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். சுக்கானும் பிறேக்கும் அப்பொழுது பெயரளவில்தான். 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் விமானச் சில்லுகளைக் கொண்டு ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் கண்டனர். அக்கணக்கின்படி, நீர் நிறைந்த வீதியில், வழுவழுப்பான டயருக்கு 32 இறாத்தல் அழுத்தத்தில் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். 24 இறாத்தலாயின் 82 கிலோமீற்றர். காற்றுக் குறைந்த மொட்டை டயர், மழைநாளில், நாம் சாதாரணமாய் ஓடும் வேகத்துக்கு மிக அருகிலேயே மிதக்கக் காத்திருக்கின்றது.

இனி, யான் சொல்வதாகக் கூறிய காரணம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய கார்களே கைமாறின. என்னிடம் கற்ற இளைஞன் ஒருவன் 2022இல் அவ்வாறு ஒரு விசைக்காரை வாங்கி, முதல் வேலையாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். "சேர், டயர் நாலும் கழற்றி வந்தது, ஆனா புதுசு மாதிரி. பாருங்க, வெட்டு எவ்வளவு ஆழம்!" என்றான். யானும் பெருவிரலை வைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது தம்பி" என்றேன். கார்த்திகை மழையில், பெரிய கல்லாற்றுப் பக்கம், ஒரு மாட்டுக்காக அவன் பிறேக் பிடித்தான். கார் நிற்கவில்லை, சுழன்று மதகுக் கட்டில் மோதியது. அவனுக்குக் காயம் சிறிது. அருகிலிருந்த அவன் தம்பிக்குத் தோளெலும்பு முறிந்தது. அப்பிள்ளை அவ்வாண்டு பரீட்சை எழுதவில்லை.

பின்னர் கராஜில் அந்த டயரின் விலாவை இருவரும் குனிந்து வாசித்தோம். டி, ஓ, டி என்ற எழுத்துகளைத் தொடரும் வரிசையின் இறுதியில் 3911 என்றிருந்தது. முதலிரு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு; அஃதாவது 2011ஆம் ஆண்டின் 39ஆம் வாரம். பதினோராண்டு முதிர்ந்த இறப்பர்! அதனருகே மூன்று சிகரமுள்ள ஒரு மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தன. பனி பெய்யும் நாட்டின் குளிர்கால ஓட்டத்துக்கான டயர் அது. குளிரில் இறுகாதிருக்கும்படி மிக மென்மையாய்ச் செய்யப்படும் இறப்பர் நம் வெப்பத்தில் குழைந்து பற்றிழக்கும். ஆண்டுகள் சென்றாலோ அதுவும் இறுகிவிடும். ஆழமான வெட்டு பனிக்காக இடப்பட்டது. யான் பெருவிரலால் புகழ்ந்தது அதனையே. நாற்பது வயது கடந்த, எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், கண்ணெதிரே பொறித்திருந்த எழுத்தை வாசிக்கவில்லை.

ஆகவே டயர் வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கங்களை. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது; கடையைவிட்டு வெளியேறுக. தவாளிப்புத் தேயாதிருந்தாலும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இறப்பரை இறுக்கிப் பிளக்கச் செய்யும். டயரினுள் சேர்த்துள்ள மெழுகு, டயர் உருளும்போதே மேற்பரப்புக்கு வந்து காக்கும். நெடுநாள் நிறுத்திவைத்த காரின் டயர் விரைவில் வெடிப்பது இதனாலேயே. கார் தயாரிப்போர் பலர் ஆறாண்டில் மாற்றுக என்பர். டயர் தயாரிப்போர் சிலர் ஐந்தாண்டுக்குப்பின் ஆண்டுதோறும் பரிசோதித்து, எவ்வாறாயினும் பத்தாண்டுடன் நிறுத்துக என்பர். நம் வெயிலை எண்ணும்போது யான் முன்னவர் பக்கமே. றீபில்ட் செய்த டயர் பாரவண்டிக்குப் பொருந்தலாம், விசைக்காருக்கு வேண்டா.

தேய்வை அறியத் தவாளிப்பின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் உள. அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். மேற்பரப்பு அம்மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுதல் நன்று.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றை எங்கே பூட்டுவது? முன் சில்லே இழுப்பது, ஆகையால் முன்னே என்பர் கடைக்காரர் பலர். அது தவறு. முன் டயர் வழுக்கினால் கார் நேரே செல்லும். ஓட்டுபவர் உணர்ந்து வேகத்தைத் தணிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், உணர்வதற்குள் முடிந்துவிடும். எனவே புதியவை பின்னே. நான்கு சில்லும் இழுக்கும் இம்பிரேசா, லான்சர் எவலூஷன் போன்ற கார்களுக்கு நான்கையும் ஒருங்கே மாற்ற வேண்டும்; விட்டம் வேறுபட்டால் நடுவிலுள்ள பற்சில்லுத் தொகுதி ஓயாது உழன்று கெடும். சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறியும், சிலவற்றில் வெளிப்புறம் இதுவென்ற சொல்லும் இருக்கும். மாற்றிப் பூட்டினால் நீரை வெளியே தள்ளவேண்டிய தவாளிப்பு உள்ளே வாரிக்கொள்ளும். பூட்டுபவரை நம்பி நிழலில் உட்காராமல், பக்கத்தில் நின்று பார்க்க. புதிய டயரின் மேற்பரப்பு வழுக்கும் தன்மையது. முதற் சில நூறு கிலோமீற்றர் நிதானமாய் ஓட்டுக.

காற்றைக் காலையில், கார் ஓடுமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதனைக் கண்டு காற்றை இறக்குவோர், மறுநாட் காலையில் குறைந்த காற்றோடு புறப்படுகின்றனர்.

மாற்றுச் சில்லையும் மறத்தல் ஆகாது. அம்மாணவனின் காரில் அதனை இறக்கிப் பார்த்தோம். தவாளிப்புச் சிறிதும் தேயவில்லை, ஆயினும் விலா முழுதும் மயிர்போன்ற வெடிப்பு. காரோடு பிறந்த டயர் அது. அதனையும் சேர்த்து ஐந்து டயர் வாங்கினான். ஐந்தின் எண்களையும் அவன் தம்பி ஒரு கொப்பித்தாளில் எழுதி, காரின் முன் பெட்டியில் வைத்திருக்கிறான்.