கோட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

கற்பிட்டிக் கண்டக்குழியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. போர் வரலாறு படிக்க ஆசை, ஆனால் பட்டாளத்தில் இருந்தவர்தான் அதை எழுதமுடியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என வருந்தியிருந்தீர்கள். கடைசியில், "உம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்" என்று ஒரு வரி. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

உங்களுக்குப் பத்திரிகையாளர் சிவராமைப் பற்றிச் சொல்லவேண்டும். தர்மரத்தினம் சிவராம் 1959இல் மட்டக்களப்பில் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை இடையில் விட்டு, புளொட் என்ற தமிழ் ஆயுத இயக்கத்துக்குப் போய், பிறகு அதிலிருந்தும் விலகினார். 1989இல் 'தி ஐலண்ட்' பத்திரிகையில் 'தராகி' என்ற பெயரில் இலங்கைப் போரைப் பற்றி எழுதத் தொடங்கினார். செத்தவர் தொகையை எண்ணுவதோடு அவர் நிற்கவில்லை. படைக்குச் சாப்பாடும் தோட்டாவும் எந்த வழியால் போகின்றன, இந்த முகாம் ஏன் இந்தச் சந்தியில் இருக்கிறது என்று கேட்டார்.

1992இல் 'லங்கா கார்டியன்' இதழில் தமிழரின் படைமரபு பற்றி ஒரு தொடர் எழுதினார். ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலேறியது 1799, மருது சகோதரர்கள் 1801. பாளையங்களை அடக்கிய பின்னர் ஆங்கிலேயர் மறவர் முதலிய சாதியாரின் கையிலிருந்த ஆயுதங்களை எப்படிப் பறித்தார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதில் தமிழர் எப்படிப் பின்தள்ளப்பட்டார்கள் என்று ஆராய்ந்தார். தன் காலத்துப் போரின் வேரை இருநூறு வருடம் முன்னால் போய்த் தேடிய எழுத்து அது. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. ஆனால் அவர் கேட்ட கேள்விகளை நான் இன்றும் கடன் வாங்குகிறேன்.

2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் அவரைக் கடத்தினார்கள். மறுநாள் நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உடல் கிடந்தது. வயது 45. அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் அவர் வாழ்வை 2007இல் ஒரு நூலாக வெளியிட்டார். தேடி வாசியுங்கள்.

இனி உங்கள் ஊர்ப் பக்கம் பேச்சைத் திருப்புகிறேன். கற்பிட்டிக் கோட்டையை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தது. சுவர் முருகைக்கல், வாசலில் மட்டும் மஞ்சள் செங்கல். இனிமேல் போனால் சுவரை விட்டுவிட்டு, அது எதைக் காவல் காக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்துப் பெருங்கடலை அல்ல, களப்பை. புத்தளத்து வழியாகக் கண்டி அரசனுக்குப் போய்வந்த வியாபாரத்தின் குரல்வளையில் வைத்த கை அது. இதைக் கண்டுபிடிக்கத் துவக்குப் பிடித்திருக்க வேண்டியதில்லை, தம்பி.

அதே கேள்விகளைக் கேட்கவேண்டிய ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அதுவும் படை நடவடிக்கைதான்; கட்டளை இருந்தது, கெடு இருந்தது, வழி இருந்தது. ஆனால் போர் நூல்களில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பந்தி.

உம்மாவிடம் இருந்து தொடங்குங்கள். அறிவித்தல் எப்படி வந்தது, எந்தக் கரையில் ஏறினார்கள், படகு யாருடையது, எத்தனை பேர், மழையா, குழந்தைகளுக்குத் தண்ணீர் இருந்ததா, கற்பிட்டியில் இறங்கியதும் முதலில் சோறு தந்தவர் யார். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தவேண்டாம். பக்கத்துவீட்டு மூத்தம்மாவிடமும் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

கொப்பி நிரம்பியதும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்