பண்ணைக் காமிராவும் அன்னியர் பார்வையும்

தானியக் களஞ்சியத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் காக்க வைத்த இணையக் காமிரா, கடவுச்சொல் இன்றேல் திருடனுக்கே கண்ணாகும். திறந்து கிடக்கும் பக்கங்களைத் தேடுபொறிகள் குறித்து வைக்கின்றன. ஒரே வகைக் காமிராக்களின் பக்கத் தலைப்பும் ஒன்றேயாதலால், அத்தலைப்பைத் தேடுவோர்க்கு அவை வரிசையாய் வெளிப்படக்கூடும். 2009-ல் தோன்றிய ஷோடான், இணையத்தில் இணைந்துள்ள கருவிகளையே தேடிப் பட்டியலிடுகிறது. 2016-ல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிரா முதலிய கருவிகளை லட்சக்கணக்கில் கைப்பற்றிற்று.

ஆதலால் காமிரா வைத்திருப்போர் செய்யத்தக்கவை:

1. ஆலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல்.
2. காமிராவைக் காண ரவுட்டரில் வெளியார்க்குத் திறந்துள்ள வழியை அடைத்தல்.
3. தயாரித்தவர் வெளியிடும் மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுதல்.

காமிரா வாங்கப் பணம் வேண்டும். இவற்றுக்குச் சிறிது கவனமே வேண்டும்.