கியர் லிவர் மாற்றும் வேலை: வீடு தேடிப் போகும் மெக்கானிக்குகளுக்கு

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்து, நாலு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் கை பழகி, இனி தனியாகச் செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு முதல் தடை கடை வாடகை. சென்னையில் தி.நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு ஷெட் பிடிக்க அட்வான்ஸ் கொடுத்தே சேமிப்பு கரைந்துவிடும். வாடிக்கையாளரின் வீட்டுக்கே போய் வேலை செய்வதுதான் வழி. அப்படித் தொடங்க கியர் லிவர் வேலை மிகப் பொருத்தம். கியர் பாக்ஸை இறக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள கன்சோலைக் கழற்றினாலே லிவர் கைக்கு வந்துவிடும்.

ஆனால், இந்தத் தொழிலில் பெயர் எடுக்க வேண்டுமானால் முதலில் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுங்கள். “கியர் லூஸா இருக்கு, புது ஷிஃப்டர் போடுங்க” என்று கூப்பிடுவார்கள். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, லிவரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, பானட்டுக்குள் கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையைக் கவனியுங்கள். லிவர் அசைந்தும் அந்த முனை தாமதமாக அசைந்தால், தேய்ந்திருப்பது பெரும்பாலும் புஷ்தான். மாருதி 800 போல ராடு வைத்த பழைய வண்டிகளில் இது சர்வ சாதாரணம். “சார், புதுசு தேவையில்லை, புஷ் மாத்தினா போதும்” என்று சொல்கிற மெக்கானிக்கின் நம்பரைத்தான் அந்த அப்பார்ட்மென்ட் முழுக்கக் கேட்டு வாங்குவார்கள்.

ஷார்ட் ஷிஃப்டர் கேட்கும் இளைஞர்கள் உண்டு. லிவரின் தாங்குபுள்ளிக்கு மேலே நீளத்தைக் குறைப்பதோ, கீழே கூட்டுவதோதான் அதன் சூட்சுமம். கை நகரும் தூரம் குறையும். கொடுக்க வேண்டிய பலம் கூடும். தூரம் கால் பங்கு குறைந்தால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது சுகம். நெரிசலான மந்தைவெளி, பனகல் பூங்கா சாலைகளில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே ஊர்கிறவருக்குத் தோள்வலி. வயதானவர் ஓட்டும் வண்டி என்றால் இதை எடுத்துச் சொல்லாமல் மாட்டித் தராதீர்கள். கார் வாரன்டியில் இருந்தால், வெளிப் பொருள் மாட்டிய பின் கியர் தொடர்பான கோரிக்கையை கம்பெனி மறுக்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி வேலை. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் கியர் லிவருக்குச் சற்று முன்னால், அதே கன்சோலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் ஒயரில் கை வைக்காதீர்கள். நாபையும் லிவரைச் சுற்றியுள்ள பூட் உறையையும் எடுத்தபின் இரண்டு கேபிள்கள் தெரியும்: பக்கவாட்டுக்கு ஒன்று, முன்பின் அசைவுக்கு ஒன்று. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்து, அட்ஜஸ்டர் இருக்கும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால், மூன்றாவது கியருக்குப் போட்டால் ஐந்தில் விழும் வண்டியோடு மாலை வரை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கேபிள் முனையை நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவரில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சாக்கெட் உடைந்தால் முழு கேபிளும் உங்கள் செலவு. சர்க்லிப்பைப் பழையதையே போடாமல் புதிதாகப் போடுங்கள்.

மாட்டியதும் இன்ஜினை அணைத்தபடியே எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸுக்கு வைத்துள்ள தடுப்பு வேலை செய்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். ஓடும்போது தவறி ரிவர்ஸ் விழ வழியிருக்கும் ஷிஃப்டரை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கன்சோலை மூடுவது அதற்குப் பிறகுதான்.

பொருள் வாங்க ஜி.பி. ரோடு, பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை. எங்கே வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கியர் லிவர் பற்றி ஆர்.சி.யில் எதுவும் கிடையாது. ஆனால் ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக்கித் தரக் கேட்டால் ஏற்காதீர்கள். ஆர்.சி. விவரம் அசலிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

போகும் முன் அப்பார்ட்மென்ட் சங்கத்திடமும் வாட்ச்மேனிடமும் சொல்லிவிடுங்கள். தரையில் தார்ப்பாய் விரியுங்கள். கூலியை வேலைக்கு முன்பே பேசுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டு உரிமையாளர் கையில் கொடுங்கள்.

சில வண்டிகளில் அடியிலிருந்தும் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே படுக்காதீர்கள். முதல் வருமானத்தில் ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்ட் வாங்குங்கள். மற்ற டூல்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.