டாம் பாம்படில் யார்? ரசிகர் தியரி உலகத்துக்குள் நுழைபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நீல மேல்சட்டை, மஞ்சள் பூட்ஸ், வாய் ஓயாத பாட்டு. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் டாம் பாம்படில் கடவுளா, காட்டு தேவதையா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

படி 1: புத்தகத்தில் தொடங்குங்கள்

பீட்டர் ஜாக்சனின் 2001 படத்தில் டாம் கிடையாது. 1954-இல் வந்த முதல் பாகத்தில், பழங்காட்டில் தொடங்கும் மூன்று அத்தியாயங்கள்தான் மூலச் சான்று.

படி 2: மோதிரக் காட்சியை நிதானமாகப் படியுங்கள்

எல்லாத் தியரிகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அணிபவரை மறையவைக்கும் மோதிரத்தைச் சுமக்கும் நாயகன் ஃப்ரோடோ, டாம் கேட்டதும் மறுபேச்சின்றி அதைக் கொடுத்துவிடுகிறான். டாம் அதைக் கண்ணருகே வைத்துச் சிரிக்கிறார். சுண்டுவிரல் நுனியில் மாட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டுகிறார். மறைந்துபோகவில்லை! சுண்டிவிட்டு மோதிரத்தையே மறைத்து, திருப்பியும் தருகிறார். பிறகு அதை அணிந்து மறைந்த ஃப்ரோடோ அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். நாவல் முழுக்க எல்லோரையும் நடுங்கவைக்கும் பொருள் அவர் கையில் வெறும் விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது.

படி 3: எல்ராண்டின் சபைக்குப் போங்கள்

மோதிரத்தை என்ன செய்வது என்று கூடி முடிவெடுக்கும் அந்தச் சபையில் டாமை ஆதிமுதல்வர், தந்தையற்றவர் என்கிறார்கள். ஆனால் மோதிரத்தைக் கொடுத்தால் மறந்து தொலைத்துவிடுவார் என்கிறார் மந்திரவாதி கேண்டால்ஃப். மற்றதெல்லாம் வீழ்ந்தபின் கடைசியாக அவரும் வீழ்வார் என்ற பேச்சும் எழுகிறது. இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: தியரிகளை உரசிப் பாருங்கள்

படைத்தவரான இலுவதாரே டாம் என்பது பிரபலமான தியரி. வீழக்கூடியவர் எப்படிப் படைத்தவராவார்? கதையில் படைத்தவர் உருவெடுத்து வரவில்லை என்று டோல்கீனே கடிதத்தில் எழுதிவிட்டார்.

கைவினைத் தெய்வமான ஆவ்லேதான் டாம் என்பது இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மோதிரத்தைச் செய்த வில்லன் சௌரான் ஒருகாலத்தில் ஆவ்லேயின் ஆள். சீடன் செய்த மோதிரம் குருவிடம் பலிக்குமா என்று வாதிடுகிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் பொருள்களைச் செய்வதிலேயே உயிரை வைத்தவர் அந்த மோதிரத்தை மறந்து தொலைப்பாரா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

படி 5: டோல்கீனின் கடிதங்களைக் கடைசியில் திறவுங்கள்

டாம் முதலில் டோல்கீன் வீட்டுக் குழந்தைகளின் பொம்மை; 1934-இல் அச்சான கவிதையின் நாயகன். ஆக்ஸ்ஃபோர்ட், பெர்க்ஷயர் வட்டாரத்தில் மறைந்துவந்த நாட்டுப்புறத்தின் ஆவி என்று 1937-இல் அவரை விவரித்தார் டோல்கீன். 1954-இல், புதிராகவே இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டதாக எழுதினார். எனவே நிலத்தின் ஆவி என்ற தியரிக்கே என் ஓட்டு. டாமின் மனைவி கோல்ட்பெரி ஆற்றின் மகள் என்பதும் அதற்குப் பொருந்துகிறது. நீங்கள் வேறு பெயர் சொல்வதானால், மோதிரக் காட்சிக்கும் சபைப் பேச்சுக்கும் சேர்த்தே விளக்கம் கொண்டுவாருங்கள்.